பிளாக்பர்ன் ரோவர்ஸ்: முதலாளி புனேயில், கோபம் கேலரியில்

நாமக்கல் மண்டலத்தில் முட்டை விலை ஐந்து காசு ஏறியது, பத்து காசு இறங்கியது என்று நாளிதழில் அடிக்கடி ஒரு துண்டுச் செய்தி வருமே, அந்த விலையை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை 1982-ல் முன்னின்று உருவாக்கியவர் பி.வி. ராவ். வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ் என்ற கோழிக் கம்பெனியை (தலைமையகம் புனேயில்) 1971-ல் தொடங்கியவரும் அவர்தான். பண்ணை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கம்பெனியின் பிவி 300 குஞ்சு தெரியும், மற்றவர்களுக்கு சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் இருக்கும் வெங்கீஸ் பாக்கெட் தெரியும். அவருடைய மகள் அனுராதா தேசாயும் மகன்கள் வெங்கடேஷ் ராவ், பாலாஜி ராவ் இருவரும் 2010 நவம்பரில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்து கிளப்பை வாங்கினார்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனான ப்ரீமியர் லீக்கில் ஆடும் கிளப் ஒன்று இந்தியர்கள் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நம்மூர்ப் பத்திரிகைகளிலும் அப்போது பெருமையாக எழுதினார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

முதலாளிகள் மேல் கால்பந்து ரசிகர்களுக்குக் கோபம் வருவது புதிதில்லை. 2005-ல் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கிய கிளேசர் குடும்பம், வாங்குவதற்குப் பட்ட கடனில் பெரும்பகுதியைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. வட்டியையும் கிளப்தான் கட்டியது. அங்கே ஏன் கோபம் என்று கேட்டால் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் காட்டிவிடலாம். பிளாக்பர்னில் கணக்கு அப்படியே தலைகீழ். ராவ் குடும்பம் எடுத்ததைவிடப் போட்டதுதான் அதிகம், இதுவரை 20 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டியிருக்கிறார்கள். அப்படியும் அந்த ஊர் பல வருஷமாக 'வெங்கீஸ் வெளியே போ' என்று கத்திக்கொண்டிருக்கிறது. காசு போடுகிற முதலாளி மேல் என்ன கோபம் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னைக் கேட்டால், முடிவெடுக்க அதிகாரம் உள்ள ஒரு ஆள்கூட மைதானத்துப் பக்கம் இல்லை என்பதுதான் மொத்தப் பிரச்சினையும். ஆட்டத்தில் தோற்றது, கீழ் டிவிஷனுக்குத் தரம் இறங்கியது, ஆட்களை விற்றது என்று மற்ற எல்லாவற்றையும் நோண்டிப் பார்த்தால் அங்கேதான் போய் நிற்கும்.

ஜாக் வாக்கரின் ஊர்

பிளாக்பர்ன் லங்காஷயரில் பழைய பஞ்சாலை ஊர், பெரிய நகரம் ஒன்றும் கிடையாது. ஆனால் கிளப்பின் வரலாறு பெரிது. 1875-ல் தொடங்கியது, 1888-ல் உலகின் முதல் கால்பந்து லீக்கை ஆரம்பித்த 12 கிளப்களில் ஒன்று, எஃப்.ஏ. கோப்பையை ஆறு தடவை வென்றது. அந்த ஆறும் 1928-க்குள் முடிந்துவிட்டன என்பது வேறு விஷயம். பாதி நீலம் பாதி வெள்ளை என்று சட்டை, ஈவுட் பார்க் என்று மைதானம், அதிலும் 1890 முதல்.

1991-ல் உள்ளூர் எஃகு வியாபாரி ஜாக் வாக்கர் கிளப்பைக் கையில் எடுத்தார். அப்போது அணி இரண்டாம் டிவிஷனில் தடுமாறிக்கொண்டிருந்தது. கென்னி டால்கிளீஷை மேனேஜராக (தலைமைப் பயிற்சியாளருக்கு அங்கே அந்தப் பெயர்) கூட்டிவந்தார், மறுவருஷம் கோல் அடிக்கும் ஆலன் ஷியரரை வாங்கினார். 1995 மே 14 அன்று ஆன்ஃபீல்டில் லிவர்பூலிடம் 2-1 எனத் தோற்றும் ப்ரீமியர் லீக் பட்டம் இவர்களுக்கே வந்தது, ஏனென்றால் அதே நேரத்தில் மான்செஸ்டர் யுனைடெட் வெஸ்ட் ஹாமிடம் 1-1 என டிரா செய்திருந்தது. ஷியரர் அந்த சீசனில் மட்டும் 34 கோல்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. வாக்கர் அந்தக் காலத்தில் பிளாக்பர்னில் குடியிருக்கவில்லை. வரி காரணமாக ஜெர்சி தீவுக்குப் போய்விட்டவர். தூரம் என்று பார்த்தால் அவரும் தூரத்து முதலாளிதான். ஆனால் ஆட்டத்துக்கு வருவார், வந்து கேலரிக்கு முன்னால் அழவும் செய்வார். அவரைத் தூரத்து முதலாளி என்று யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இந்தியர்கள் என்பதால்தான் வெறுக்கிறார்கள் என்ற வாதம் எனக்கு ஒத்துவருவதில்லை. கேலரியில் அசிங்கமாகப் பேசுகிறவன் ஒருவன்கூட இல்லை என்று சொல்ல வரவில்லை, எந்த ஊரிலும் இருப்பான். ஆனால் மூன்றில் ஒருவர் தெற்காசிய வம்சாவளி என்கிற ஊர் அது. முதலாளி எந்த நாட்டுக்காரர் என்பதைவிட அவரை எங்கே போய்ப் பிடிப்பது என்பதுதான் அவர்களுடைய தலைவலி.

வாக்கர் 2000-ல் இறந்தார். அவருடைய அறக்கட்டளை சில வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு விற்கக் கிளம்பியது. வெங்கீஸ் கொடுத்தது 2.3 கோடி பவுண்டு, அதோடு கிளப்பின் கடனும் அவர்கள் பொறுப்புக்கு வந்தது.

வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை

2010 டிசம்பர் 13 அன்று மேனேஜர் சாம் அலர்டைஸை நீக்கினார்கள். அணி 13-வது இடத்தில் இருந்தது. அலர்டைஸ் ஆட்டம் கண்ணுக்கு அழகாக இருக்காது, தூக்கி அடித்து மோதுகிற வகை, ஆனால் அவர் கையில் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்காது என்று இங்கிலாந்து முழுக்கத் தெரியும். பிளாக்பர்ன் மாதிரிச் சின்ன வருமானக் கிளப்புக்கு அதுதான் சோறு. அவர் இடத்துக்கு வந்தவர் ஸ்டீவ் கீன், அதுவரை அங்கேயே பயிற்சியாளராக இருந்தவர், எந்த சீனியர் அணிக்கும் மேனேஜராக இருந்ததில்லை. கிளப்பை வாங்கும்போது குடும்பத்துக்கு ஆலோசனை சொன்ன ஏஜென்ட்தான் கீனுக்கும் ஏஜென்ட். ஊர் சும்மா இருக்குமா?

சேர்மன் ஜான் வில்லியம்ஸ் உள்ளிட்ட பழைய நிர்வாகிகள், எங்களைக் கேட்காமலேயே முடிவுகள் நடக்கின்றன என்று முதலாளிகளுக்குக் கடிதமே எழுதினார்கள். அது பின்னாளில் வெளியே கசிந்தது. வில்லியம்ஸ் 2011 பிப்ரவரியில் போய்விட்டார். கிளப்பை வருஷக்கணக்கில் குறைந்த காசில் ஓட்டத் தெரிந்த மனிதர் அவர். என் கணக்கில் அலர்டைஸ் போனதைவிட வில்லியம்ஸ் போனதுதான் பெரிய அடி. மேனேஜர் போனால் இன்னொரு மேனேஜர் வருவார். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, எந்த ஏஜென்டிடம் போனை எடுக்கக்கூடாது என்று தெரிந்த ஆள் போனால் அந்த இடம் காலியாகவே கிடக்கும்.

அந்த ஜனவரியில் ரொனால்டினியோவைக் கொண்டுவருகிறோம் என்று பேச்சு ஓடியது. அவர் பிரேசிலுக்கே போய்விட்டார். அப்புறம் வெங்கீஸ் சிக்கன் விளம்பரம் ஒன்று வந்தது, அதில் ரோவர்ஸ் வீரர்கள் டிரஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்து ஆட்டத்துக்கு முன்னால் கோழிக் கால் கடிக்கிறார்கள். நம்மூரில் கிரிக்கெட் வீரர்கள் பனியன் முதல் பான் மசாலா வரை விற்றுப் பார்த்துப் பழகிய நமக்கு அது ஒன்றுமே இல்லை, லங்காஷயரில் ஊரே சிரித்தது. 2011 அக்டோபரில், அணி தோல்வியில் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், புனேக்கு விமானம் ஏறிப் போய்ப் புனே எஃப்சியோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடிவிட்டு வந்தார்கள்.

முதல் சீசனில் கடைசி நாளில் வுல்வ்ஸை 3-2 என ஜெயித்துத் தப்பித்தார்கள். அடுத்ததில் தப்பிக்க முடியவில்லை. அந்தக் கோடையில் ஃபில் ஜோன்ஸ் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார், 2012 பிப்ரவரியில் கேப்டன் சாம்பா ரஷ்யாவுக்குப் போனார். வாராவாரம் கீனைப் போகச் சொல்லி கேலரி கத்தியது. புனேயிலிருந்து சத்தமே இல்லை. 2012 மே 7, ஈவுட் பார்க்கில் விகான் அணியோடு ஆட்டம். தோற்றால் கீழே. ஆட்டம் நடக்கும்போது யாரோ ஒருவர் நீலம் வெள்ளைத் துணி போர்த்திய ஒரு உயிருள்ள கோழியை மைதானத்துக்குள் விட்டார். கோழி பாட்டுக்கு நடந்தது, அதைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறவரை ஆட்டம் நின்றது. உலகம் முழுக்க அந்தப் படம் போனது. விகான் 1-0 என ஜெயித்தது, 11 வருஷ ப்ரீமியர் லீக் வாழ்க்கை அன்றோடு சரி. முதலாளிக்குக் கடிதம், மனு, கோஷம் எதுவுமே எட்டாதபோது கோழியாவது எட்டுமா என்று பார்த்திருக்கிறார்கள்.

ஹென்னிங் பெர்க் வழக்கு

இந்த விவகாரத்தில் ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள் என்றால் நான் கோழியை எடுக்க மாட்டேன், இதைத்தான் எடுப்பேன்.

கீழே இறங்கிய பிறகும் கீனையே வைத்திருந்தார்கள். மலேசிய முன்னாள் வீரரும் டிவி வர்ணனையாளருமான ஷெபி சிங்கை உலகளாவிய ஆலோசகர் என்ற பட்டத்தோடு கொண்டுவந்தார்கள். அவர் ரசிகர் கூட்டத்தில், மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றால் கீன் அவுட் என்று பேசியது வெளியே வந்தது. ஒரு மேனேஜரை வைத்துக்கொண்டே இப்படிப் பேசினால் டிரஸ்ஸிங் ரூமில் அவர் பேச்சை யார் கேட்பார்கள்? செப்டம்பர் கடைசியில் கீன் விலகினார், என்னை விலகவைத்துவிட்டார்கள் என்று அறிக்கையும் விட்டார். அணி அப்போது மேல் இடங்களில்தான் இருந்தது.

அக்டோபர் 31 அன்று ஹென்னிங் பெர்க் வந்தார். 1995 பட்டம் வென்ற அணியின் தடுப்பாட்டக்காரர். வருவதற்குச் சில வாரம் முன்னால்தான், மரியாதை உள்ள எந்த மேனேஜரும் இந்த வேலையை ஏற்க மாட்டார் என்ற மாதிரி நார்வே டிவியில் பேசியிருந்தார். மூன்று வருஷ ஒப்பந்தம். 57 நாள், 10 ஆட்டம், ஒரே ஒரு வெற்றி. நீக்கிவிட்டார்கள். ஒப்பந்தப்படி மிச்சச் சம்பளம் சுமார் 22.5 லட்சம் பவுண்டு வர வேண்டும் என்று பெர்க் நீதிமன்றம் போனார். கிளப் முதலில் தர வேண்டியதுதான் என்று ஒத்துக்கொண்டது. பிறகு பேச்சை மாற்றி, அந்த ஒப்பந்தத்தைப் போட்ட மேலாண்மை இயக்குநருக்கு அப்படிப் போட அதிகாரமே இல்லை என்றது!

கொஞ்சம் நின்று யோசித்தால் இது எவ்வளவு பெரிய வாக்குமூலம் என்று புரியும். கிளப்பின் தலைமை நிர்வாகி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார், அந்தக் கையெழுத்து செல்லாது என்று கிளப்பே நீதிமன்றத்தில் நின்று சொல்கிறது. அப்படியென்றால் பிளாக்பர்னில் யார் கையெழுத்துத்தான் செல்லும்? நீதிபதி அந்த வாதத்தை ஏற்கவில்லை, 2013 ஏப்ரலில் பெர்க்குக்குப் பணம் கொடுக்கச் சொன்னார். அதற்குள் மைக்கேல் ஆப்பிள்டன் வந்து, எஃப்.ஏ. கோப்பையில் ஆர்சனலை அவர்கள் மைதானத்திலேயே தோற்கடித்து, 67 நாளில் அவரும் போய்விட்டிருந்தார். இடைக்கால ஆட்களையும் சேர்த்தால் அந்த ஒரு சீசனில் ஐந்து பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வந்தவருக்குச் சம்பளம், போனவருக்கு நஷ்டஈடு. காசு போடவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது, காசு போகிற வழியைத்தான் சொல்ல வேண்டும். ஜோர்டன் ரோட்ஸுக்கு 80 லட்சம் பவுண்டு கொடுத்ததும் அதே வருஷம்தான். அவர் கோல் அடித்தார், அது நல்ல செலவு. நல்ல செலவும் நடந்தது, ஆனால் எது நல்ல செலவு என்று பார்த்துச் சொல்ல நிரந்தரமாக ஒரு ஆள் இல்லை.

மூன்றாம் டிவிஷன்

பிறகு செலவுக் கட்டுப்பாட்டு விதியை மீறியதற்காக ஒரு வருஷம் டிரான்ஸ்ஃபர் தடை, அதாவது வீரர்களை வாங்குவதில் தடை, வந்தது. 2016-ல் ஓவன் கோய்லை மேனேஜராக்கினார்கள், அவர் பக்கத்து ஊர்ப் பரம வைரி பர்ன்லியின் முன்னாள் மேனேஜர். அந்த சீசனில் கேலரி பாதி காலி. ப்ரீமியர் லீக்கின் கடைசி வருஷங்களில் சராசரியாக 20 ஆயிரத்துக்கு மேல் வந்த கூட்டம் 12, 13 ஆயிரத்தில் நின்றது, 31 ஆயிரம் பேர் உட்காரக்கூடிய மைதானத்தில். வந்தவர்களும் ஒரு ஆட்டத்தில் 18-வது நிமிஷம்தான் உள்ளே வந்தார்கள், 75-வது நிமிஷம் எழுந்து போனார்கள், கிளப் பிறந்தது 1875 என்பதற்காக. 2017 மே 7 அன்று பிரென்ட்ஃபோர்டில் 3-1 என ஜெயித்தும், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோடு புள்ளியில் சமமாக நின்றும், கோல் வித்தியாசத்தில் மூன்றாம் டிவிஷனுக்குப் போனார்கள். ப்ரீமியர் லீக் பட்டம் வென்ற அணி ஒன்று அவ்வளவு கீழே போனது அதுதான் முதல் முறை.

அதற்கு நடுவில் வந்த டோனி மோப்ரே ஒரே வருஷத்தில் மேலே கொண்டுவந்தார், 2022 வரை இருந்தார். ஐந்து வருஷம் ஓரளவு நிம்மதி. அந்த நிம்மதிக்கும் காரணம் சிம்பிள், மேனேஜரே புனேயோடு பேசிப் பழகிக்கொண்டார், ஊரில் ஒருவர் நின்று பதில் சொன்னார்.

நிம்மதி இருந்தது என்பதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. 22 லீக் கோல் அடித்த பிரெரட்டன் டியாஸை விற்கவேண்டிய நேரத்தில் விற்காமல் விட்டார்கள், 2023-ல் ஒப்பந்தம் முடிந்து கிளப்புக்கு ஒரு பைசா வராமல் அவர் ஸ்பெயினின் வியாரியாலுக்குப் போனார். அதே ஜனவரி கடைசி நாளில் ஃபாரஸ்டிலிருந்து லூயிஸ் ஓ'பிரையனை லோனில் எடுக்கும் பேப்பர் கெடு தாண்டித்தான் போய்ச் சேர்ந்தது, லீக் ஏற்கவில்லை. சீசன் முடிவில் சண்டர்லாந்தோடு 69 புள்ளியில் சமமாக நின்று, கோல் வித்தியாசத்தில் பிளே-ஆஃப் (மேல் டிவிஷனுக்குப் போகக் கடைசி வாய்ப்பான ஆட்டங்கள்) போச்சு. ஒரு நடுக்கள ஆட்டக்காரர் கூட இருந்திருந்தால் என்று அந்த ஊரில் இன்னும் பேசுவார்கள். ஏப்ரல் 25 அன்று பர்ன்லி சாம்பியன்ஷிப் (இரண்டாம் டிவிஷன்) பட்டத்தை உறுதி செய்தது எங்கே தெரியுமா, ஈவுட் பார்க்கிலேயே, 1-0. அடுத்த ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து டங்கன் மெக்வையர் வரவேண்டியது, அதுவும் பேப்பர் கோளாறில் நின்றது. ஒரு தடவை நடந்தால் விபத்து, சரி. அடுத்த வருஷமும் அதே வாரத்தில் அதே மாதிரி நடந்தால் என்ன சொல்வது?

இருந்தாலும் வினை, போனாலும் வினை

2023-லிருந்து இன்னொரு சிக்கல். அமலாக்கத்துறை விசாரணை ஒன்றின் காரணமாக, குடும்பம் இங்கிலாந்துக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதியை நாட வேண்டியதாகிவிட்டது. அனுப்பும் தொகைக்கு ஈடாக வங்கி உத்தரவாதமும் வைக்கச் சொன்னார்கள். விசாரணை வேறு, தீர்ப்பு வேறு, அதனால் அதற்குள் நான் போகவில்லை. ஆனால் லங்காஷயர் ரசிகன் ஒருவன் ஆட்ட அட்டவணையோடு டெல்லி வாய்தா தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டி வந்ததை யோசித்துப் பாருங்கள். வாய்தா என்றால் என்ன என்று நமக்குத் தெரியும், அவர்கள் அப்போதுதான் கற்றுக்கொண்டார்கள்.

கிளப்பின் சொந்த வருமானத்தில் சம்பளமே கட்டுப்படியாகாது, வருஷா வருஷம் முதலாளி கோடிக்கணக்கில் போட்டால்தான் ஓடும். சாம்பியன்ஷிப்பில் பல கிளப்புகளின் நிலை இதுதான். அந்தக் காசு தாமதமானால் வீட்டில் வளர்ந்த பிள்ளையை விற்க வேண்டும். 2024 பிப்ரவரியில் அகாடமி பையன் ஆடம் வார்ட்டன் 1.8 கோடி பவுண்டுக்கு கிரிஸ்டல் பேலஸ் போனார், சில மாதத்தில் இங்கிலாந்து அணியோடு யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) போட்டிக்கே போய்விட்டார். அந்தக் கோடையில், 27 லீக் கோல் அடித்த ஸ்மோடிக்ஸ் இப்ஸ்விச் போனார். ரசிகர்களுக்கு இதில் உள்ள தர்மசங்கடம் வேறு எந்தக் கிளப்பிலும் நான் பார்க்காதது. வெங்கீஸ் நாளைக்கே போய்விட்டால், வருஷத்துக்கு இவ்வளவு நஷ்டம் வரும் கிளப்பை வாங்க யார் வருவார், எப்படிப்பட்டவர் வருவார்? முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் பரி கிளப் 2019-ல் காசில்லாமல் லீக்கை விட்டே நீக்கப்பட்டதை எல்லோரும் பார்த்தார்கள். அதனால் 'வெளியே போ' என்று கத்துகிறவனும் மனசுக்குள் இந்த மாதச் சம்பளம் போய்விட்டதா என்று கணக்குப் பார்க்கிறான். புறக்கணித்தால் டிக்கெட் வருமானம் குறையும், குறைந்தால் இன்னும் ஒரு பையனை விற்பார்கள். சீசன் டிக்கெட்டை விட்டவனுக்கும் குற்ற உணர்வு, வாங்கியவனுக்கும் குற்ற உணர்வு, இரண்டு பேருக்கும் நடுவில் சண்டை வேறு. முதலாளியோடு போட வேண்டிய சண்டையை அவர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டுக்கொள்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் நடந்தது இதற்கெல்லாம் உச்சம். அணி ஐந்தாம் இடத்தில், பிளே-ஆஃப் கனவோடு. மேனேஜர் ஜான் யூஸ்டஸ் வேலையை விட்டுவிட்டு டெர்பி கவுன்டிக்குப் போனார், அது அப்போது தரம் இறங்கும் நிலையில் தத்தளித்த அணி. மேலே இருப்பவர் கீழே இருக்கும் இடத்துக்குத் தானாக இறங்கிப் போகிறார் என்றால், உள்ளே இருந்து அவர் எதைப் பார்த்திருப்பார் என்று ரசிகர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. டெர்பி தப்பியது. ரோவர்ஸ் ஏழாம் இடம், பிளே-ஆஃபுக்கு இரண்டு புள்ளி குறைவு. அந்தக் கோடையிலேயே பெண்கள் அணியை இரண்டாம் டிவிஷனிலிருந்து கிளப் விலக்கிக்கொண்டது, அதற்கு வேண்டிய செலவைச் செய்ய முடியாது என்று.

2025 ஜூலையில் இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்தது, தனி ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றும் அதன் கீழ் உண்டு. புது முதலாளியை இன்னும் கடுமையாகச் சோதிப்பார்கள், கேட்காமல் மைதானத்தை விற்க முடியாது, சின்னத்தையும் சட்டை நிறத்தையும் மாற்ற ரசிகர்கள் சம்மதம் வேண்டும், ரசிகர்களோடு கலந்து பேசியே ஆக வேண்டும். பரி மாதிரிக் கிளப்புகளுக்கு இது முன்பே வந்திருந்தால் பெரிய உதவி. பிளாக்பர்னுக்கு எவ்வளவு உதவும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ராவ் குடும்பம் மைதானத்தை விற்கவில்லை, நிறத்தை மாற்றவில்லை, பில் கட்டாமல் ஓடவும் இல்லை. கலந்து பேச ஒரு அதிகாரியை அனுப்புவார்கள், அவர் குறித்துக்கொள்வார், புனேயில் கேட்டுச் சொல்கிறேன் என்பார்.